இறங்காத கை

மூச்ச இழுத்துப் பிடிச்சபடி நாப்பது பேரக் கோயில்ல நிக்க வச்சிட்டு தவமணி மாஸ்டர் பத்தே முக்கால் பஸ்ஸுக்குப் போன அந்த ஞாயித்துக்கிழம, சுவிசேஷமுத்து ஆர்கனுக்குப் பின்னால குனிஞ்சு துருத்தி அமுக்கிக்கிட்டு இருந்தான், அதனால அவனுக்கு மாஸ்டர் தூக்கின அந்தக் கை தெரியல, அதனாலதான் அவன் தப்பிச்சான், அவன் பொண்டாட்டி எமரால்டு தப்பிக்கல.

அது எம்பத்தொண்ணாம் வருஷம். மேசியாபுரம் தேரிக்காட்டு ஓரத்துல இருக்கிற ஊரு, செம்மண்ணு காத்துல ஏறி வந்து வெள்ளத் துணி அத்தனையையும் ஆறே மாசத்துல செங்கல் நிறமாக்கிடும், அப்படியும் கொயர்ல நிக்கிறவங்க மட்டும் பளீர்னு வெள்ளயாத்தான் நிக்கணும்னு மாஸ்டர் சட்டம், ஏன்னா எபநேசர் தவமணிக்கு அழுக்கும் பிடிக்காது, அபசுரமும் பிடிக்காது, ரெண்டுக்கும் ஒரே பிரம்புதான். பள்ளிக்கூடத்துல பாட்டு வாத்தியாரா வந்து சேந்து, மிஷனரி விட்டுட்டுப் போன குழாய் ஆர்கனத் தூசி தட்டி எழுப்பி, பனையேறுறவன், டெய்லர், டீச்சர், புதுசா வாழ வந்த மருமகன்னு பாக்காம நாப்பது பேரப் பொறுக்கி எடுத்து சோப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ்னு நாலு குரலாப் பிரிச்சு நாலு வரிசையில நிறுத்தினப்ப அவருக்கு வயசு இருவத்திரெண்டு, கைய மடக்கி ஜேப்புல வச்சுக்கிட்டு பஸ் ஏறினப்ப இருவத்தொம்பது.

அவர் பழக்கின விதம் இப்படி. வலது கைய மேல தூக்குவார், நாப்பது பேரும் மூச்ச உள்ள இழுக்கணும், கை இறங்கினாத்தான் வாயிலேருந்து சத்தம் வரணும். தூக்கின கைய இறக்காமலே வெளிய போய் வேப்ப மரத்தடியில நின்னு காத்து வாங்குவார், இல்லன்னா ஆர்கன் முக்காலியில உக்காந்து இடது கையாலயும் பல்லாலயும் ஒரு வாழப்பழத்த உரிச்சு நிதானமாத் தின்பார், அப்புறம் வந்து ஒவ்வொருத்தர் மூக்குக்குக் கீழயும் சின்னக் கண்ணாடி ஒண்ண நீட்டுவார், கண்ணாடியில பனி படிஞ்சா அந்த ஆளு பொழுது சாயற வரைக்கும் தேரி மணல்ல முட்டி போடணும்.

"என் கை இறங்காம ஒருத்தன் மூச்சும் வெளிய வரப்பிடாது. ஆனை வந்தாலும் சரி, பேராயர் வந்தாலும் சரி."

"மூச்சு முட்டுச்சின்னா மாஸ்டர்?" பேஸ் பாடற தங்கதுரை ஒரு நாள் கேட்டுட்டான்.

"முட்டட்டும். முட்டி எங்க போயிரும்?"

முத்துவுக்கும் கொயர்ல நிக்கணும்னு ஆசைதான். எமரால்டப் பொண்ணு பாத்து நிச்சயம் பண்ணின வாரத்துல போய் மாஸ்டர் முன்னால நின்னான். ஒரு வரி பாடச் சொன்னார், பாடினான், அவர் பிரம்பக் கீழ வச்சிட்டு, "காத எதுக்குல வச்சிருக்க, கண்ணாடி மாட்டவா?"ன்னு கேட்டு, பின்னால போய்த் துருத்தி அமுக்கச் சொல்லிட்டார். அங்கேருந்து பாத்தா செவுரும் குழாயும்தான் தெரியும். எமரால்டு ரெண்டாவது வரிசையில, ஆல்ட்டோவுல, நாலாவது ஆள். முன்பல்லு ஒண்ணு அடிபம்பு கைப்பிடி பட்டு ஓரத்துல உடைஞ்சிருக்கும், மூச்சிழுக்கும்போது அந்த ஓட்டை வழியா ஊசி மாதிரி ஒரு விசில் சத்தம் வரும். ஊர்ல வேற யாரும் அதக் கவனிச்சதில்ல. காது இல்லாதவன்னு பேர் வாங்கின முத்து, துருத்திக்குப் பின்னால குனிஞ்சபடியே நாப்பது மூச்சுக்குள்ள அந்த ஒரு மூச்சக் கண்டுபிடிச்சிடுவான். கல்யாணமாகி நாலு மாசம்.

ஸ்தோத்திரப் பண்டிகைக்குன்னு மாஸ்டரே சொந்தமா ஒரு பாட்டு கட்டியிருந்தார், "ஆண்டவரே"ன்னு நாலு குரலும் ஒரே அடியா எடுக்கிற பாட்டு, எட்டு மாசம் பழக்கினார். அன்னைக்குக் கோயில் நெறஞ்சு வெளிப் பந்தல்லயும் ஆளு. மாஸ்டர் கைய தூக்கினார். நாப்பது நெஞ்சு விரிஞ்சுது. முத்து அந்த விசில கேட்டான், துருத்திய அமுக்கினான். அந்த நேரம் பாத்து மணியடிக்கிற கோயில்குட்டியார் தந்தி ஒண்ணக் கொண்டாந்து மாஸ்டரோட இடது கையில குடுத்தார். மெட்ராஸ்ல ஜெர்மன்காரர் ஒருத்தர் வந்து தங்கியிருக்கார், ஒரே ஒரு ஆளத் தேர்ந்தெடுத்துக் கூட்டிட்டுப் போய்ப் படிக்க வைக்கப் போறார், திங்கக்கிழம காலையில ஒம்பது மணிக்கு நேர்ல வரணும். மாஸ்டர் ஒரு தடவ படிச்சார். செவுத்துக் கடிகாரத்தப் பாத்தார். தூக்கின கைய இறக்கல, அத ஊரே பாத்துச்சு, பின்னால கமிட்டி விசாரிச்சப்ப அத்தன பேரும் அதத்தான் சொன்னாங்க. முழங்கையில மடக்கி, தோளோட ஒட்டி, ஒரு பேனாவ எடுத்து வைக்கிற மாதிரி அந்தக் கைய ஜேப்புக்குள்ள வச்சுக்கிட்டு, நடுப்பாதை வழியா வேகமா நடந்து வெளிய போயிட்டார்.

பஸ் சத்தம் கேட்டுத் தேய்ஞ்சுது. கொயர் அப்படியே நின்னுது.

"பாடகர் குழு உக்காரலாம்"னார் குருவானவர். ஊர்ல அவர ஐயர்னு கூப்பிடுவாங்க.

யாரும் உக்காரல. துருத்தி நெறஞ்சு உப்பி, ஆர்கன்காரர் விரல் வைக்காததால காத்து போக வழியில்லாம முனக ஆரம்பிச்சப்பதான் முத்து எந்திரிச்சு வெளிய வந்தான். எமரால்டோட கண்ணு மாஸ்டர் கை இருந்த இடத்துல, வெறும் காத்துல, நிலைச்சு நின்னுது. மூக்குக்குக் கீழ விரல வச்சுப் பாத்தான். உள்ள போன மூச்சு உள்ளயே இருந்துச்சு. அவ கை மட்டும், வெயில்ல காஞ்சு எடுத்த துணி மாதிரி, வெதுவெதுன்னு இருந்துச்சு.

"பிழைச்சுத்தான் இருக்காங்க"ன்னார் ஆஸ்பத்திரி டாக்டர். "மூச்சு வெளிய வரணும். அவ்வளவுதான் பாக்கி."

ஊருக்கு அப்ப அத விடப் பெரிய தலைவலி அசனம். பண்டிகை ஆராதனை முடிஞ்சு ஐயர் ஆசீர்வாதம் சொன்னாத்தான் ஊரே ஒண்ணா உக்காந்து அசனச் சாப்பாடு சாப்பிடலாம், பாட்டு முடியாம ஆசீர்வாதம் சொல்ல முறை கிடையாது, அண்டாவுல ஆட்டுக்கறி ஆறிக்கிட்டு இருக்கு, புள்ளைங்க அழுது ஓஞ்சு தூங்கிடுச்சு. மூணு மணிக்கு, கோயில் நிர்வாகம் பாக்கிற சேகரக் கமிட்டி கூடிப் பேசி, ஆராதனை இன்னும் முடியல, இடைவேளைதான் விட்டிருக்கு, இடைவேளையில மனுசன் சாப்பிடலாம், கொயருக்குன்னு நாப்பது எலை தனியா எடுத்து வைக்கணும்னு முடிவு பண்ணுச்சு. முத்துவும் உக்காந்து சாப்பிட்டான். ரெண்டாந்தரமும் வாங்கினான். பசி. அத நெனச்சு அவன் பின்னால ரொம்ப வருஷம் வெக்கப்பட்டான்.

அந்த முடிவுதான் அதுக்கப்புறம் சட்டம். ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் நடந்த ஆராதனை இடைவேளையில நடக்கிற ஆராதனையாச்சு, கல்யாணமும் அடக்கமும் ஞானஸ்நானமும் இடைவேளையில நடந்துச்சு, ஐயர் பதிவு புஸ்தகத்துல வந்தவங்க தொகைக்குக் கீழ, மூச்சு பிடித்தவர்கள் நாற்பதுன்னு தனி வரி எழுதினார். பாளையங்கோட்டையிலேருந்து வேற கொயர் மாஸ்டர் வந்து கைய இறக்கிப் பாத்தார். பேராயர் வந்து செங்கோலோட இறக்கினார். ஒரு பண்டிகைக்கு பந்தோபஸ்துக்கு வந்த இன்ஸ்பெக்டர் விசில் ஊதியே இறக்கினார். கொயர் ஒருத்தரையும் சட்ட பண்ணல, ஊருக்கு அதுல உள்ளூர ஒரு பெருமை, என்னமா பழக்கியிருக்கார் பாருங்கன்னு சொல்லிக்கிட்டாங்க.

மூணாம் வருஷம் டெனர் ஒருத்தன் வாய்க்குள்ள குளவி மண்ணு வச்சுக் கூடு கட்டுச்சு. முத்துதான் குச்சியால கொஞ்சங்கொஞ்சமா சொரண்டி எடுத்தான். அன்னைக்கு சாயங்காலமே கொசுவலைத் துணி வாங்கி, நாப்பது வாய்க்கும் அளவெடுத்து, காதுக்குப் பின்னால கட்டற மாதிரி நாடா வச்சுத் தைச்சான், வருஷத்துக்கு ஒரு தடவ பண்டிகைக்கு முன்னால புதுசு மாத்துவான். பொம்பளைங்களுக்கு மாதர் சங்கத்துக்காரங்க மறைப்பு கட்டிச் சேலை மாத்துவாங்க. ஆர்கனுக்கு மோட்டார் வந்து துருத்திக்கு ஆள் தேவையில்லன்னு ஆனப்ப, கொயரத் துடைக்கிற வேலைய நிரந்தரமா முத்துவுக்கே குடுத்துட்டாங்க. தெனமும் காலையில ஈரத்துணியால செம்மண்ணத் துடைச்சு, கடைசியா எமரால்டுகிட்ட வந்து, உங்க அக்கா பேறுகாலத்துக்கு வந்திருக்கா, நம்ம வேலியோரத்து முருங்க காத்துல சாஞ்சிருச்சு, எனக்கு நேத்து ஒரு பல்லு விழுந்துருச்சுன்னு சேதி சொல்லிட்டு, மூக்குக்குக் கீழ கண்ணாடிய வச்சுப் பாப்பான். பனி படியாது.

தங்கதுரை பொண்டாட்டி ரூபி ஏழாம் வருஷம் வேற கல்யாணம் பண்ணிக்கிட்டா. அதே கோயில்ல, அவன் முன்னாலயேதான், வேற கோயில் கிடையாதே. இந்த விவாகத்துக்கு யாருக்காவது தடை உண்டான்னு ஐயர் மூணு தடவ கேட்டப்ப சபை மொத்தமும் திரும்பிக் கடைசி வரிசையப் பாத்துச்சு. தடை ஒண்ணும் வரல. போட்டோவுல தங்கதுரை நல்லா விழுந்திருக்கான்.

மாஸ்டரோட கதை வேற மாதிரி போச்சு. மெட்ராஸ்ல ஜெர்மன்காரர் முன்னால நாலு வயலின்காரங்கள உக்கார வச்சு, நடத்திக் காட்டுன்னாங்களாம், இவர் ஜேப்புலேருந்து கைய எடுத்து மேல தூக்கினதும், இன்னும் ஒரு சுரம் வாசிக்கல, ஜெர்மன்காரர் நாற்காலியில முன்னால நகந்து உக்காந்தாராம், அந்த அமைதிக்கே இவரக் கூட்டிட்டுப் போறேன்னாராம். அப்புறம் குளிர் ஊர்ல படிப்பு, சின்ன ஊர்ல உதவி கண்டக்டர், பெரிய ஊர்ல பெரிய கண்டக்டருக்கு முதுகு பிடிச்ச அன்னைக்கு அவருக்குப் பதிலா மேடை, அங்கேருந்து வியன்னா, சிகாகோ, டோக்கியோ, பெர்லின், கழுத்துல பதக்கம், பேரு சுருங்கி மாஸ்ட்ரோ தவா. பத்திரிகைக்காரங்க அவர் நடத்தின சங்கீதத்தப் பத்தி எழுதினத விட அதுக்கு முந்தின அமைதியப் பத்தித்தான் அதிகம் எழுதினாங்க. மத்தவங்க கைய தூக்கினா அரங்கம் காலி வீடு மாதிரி இருக்கும், தவா தூக்கினா வீடு நெறய ஆளிருந்து ஒருத்தரும் பேசாத மாதிரி இருக்கும்னு ஒருத்தர் எழுதினார். அந்த அமைதிக்காகவே ஒரு வருஷம் முன்னால டிக்கெட் வாங்கி வச்சாங்க.

முத்து மாசத்துக்கு ஒரு தடவ பாளையங்கோட்டை நூலகத்துக்குப் போய், நூலகருக்கு ஒரு சீப்பு பழம் குடுத்து, இதையெல்லாம் வாசிச்சுக் கேட்டுட்டு வருவான். மாஸ்டருக்கு வருஷா வருஷம் கடிதம் போட்டான். அன்புள்ள மாஸ்டருக்கு, கொயர் நலம், தாங்கள் ஒரு முறை வந்து கையை இறக்கிவிட்டுப் போகும்படி தாழ்மையாய்க் கேட்டுக்கொள்கிறேன். ஒவ்வொண்ணுக்கும் பதில் வந்துச்சு, கையெழுத்து போட்ட போட்டோ. இருவத்தேழு போட்டோ சேந்துச்சு, ஒண்ணத் தவிர எல்லாத்துலயும் கை மேலயே இருந்துச்சு. அந்த ஒண்ணுல கை இறங்கியிருந்துச்சு, முத்து அத எடுத்துக்கிட்டு நாப்பது பேர் கண்ணுக்கு முன்னாலயும் ஒவ்வொருத்தருக்கா நீட்டிப் பாத்தான், ஒருத்தர் கண்ணும் அசையல, அது வேற யாருக்கோ இறங்கின கை.

தொண்ணூத்தெட்டுல பெர்லின் கச்சேரிய டிவியில நேரடியாக் காட்டினப்ப ஊரே டிவிய மேசையோட தூக்கிட்டு வந்து கொயர் முன்னால வச்சுது. அங்க மாஸ்டர் நரைச்ச தலையோட வந்து நின்னு கைய தூக்கினார். டிவிப் பெட்டியிலேருந்து அந்த அமைதி வந்துச்சு. கோயிலுக்குள்ள பதினேழு வருஷமா இருந்த அதே அமைதி, ஒரு தண்ணியில இன்னொரு தண்ணிய ஊத்தின மாதிரி இதோட போய்க் கலந்துச்சு. அதோட ஓரத்துல, ஊசி மாதிரி, ஒரு விசில். முத்து டிவி மேல காத வச்சான்.

"எமரால்டு மூச்சு"ன்னான். "இவிய பிடிச்சு வச்சிருக்கிற மூச்சத்தான் அவரு அங்க வச்சிப் பொழைக்காரு."

அவன் சொன்னத ஊர் நம்பலன்னு சொல்ல முடியாது. உடனே நம்புச்சு. நம்பினதுதான் வெனையாப் போச்சு. நம்ம ஊரு மூச்சு பெர்லின்ல கேக்குன்னு ஒரு பேச்சு கெளம்பி, அது பெருமையாகி, கோயில் வாசல்ல பலகையாகி, டூரிஸ்ட் வேனாகி, கடைசியில யாருக்கும் அந்தக் கை இறங்கணும்னு அவசரமில்லாமப் போச்சு.

ரெண்டாயிரத்துப் பதினாலுல மாஸ்டர் ஒரு பட்டம் வாங்க சென்னைக்கு வர்றார்னு தெரிஞ்சதும் முத்து கமிட்டிக்கு மனு குடுத்தான், பண்டிகைக்கு அவரக் கூப்பிடணும், கைய இறக்கச் சொல்லணும். கமிட்டிச் செயலாளர் ஜோயல். அவன் அம்மா லீலா முதல் வரிசையில சோப்ரானோ, அவன ஆறு மாசக் கைக்குழந்தையா மாமியார் மடியில குடுத்துட்டு வந்து நின்னவ, இப்ப அவ வயசு இருவத்தஞ்சு, அவன் வயசு முப்பத்திமூணு.

"இறங்கி வந்தா எங்க வைக்க அண்ணாச்சி?"ன்னான் ஜோயல். "எங்கப்பா செத்துட்டாவ. வீட்ட இடிச்சுக் கட்டியாச்சு. எம் பொண்டாட்டி எங்கம்மாவ விட மூத்தவ. அவ இவள அத்தைன்னு கூப்பிடணுமா, இவ அவள அக்கான்னு கூப்பிடணுமா?"

"கூப்பிடாமலே இருங்க. சோறு போட்டாப் போதும்."

"ஒமக்கென்ன, பொண்டாட்டி இருவத்திரெண்டு வயசுல புதுசா வருவா. தலைக்கு மை அடிச்சாச்சு போலிருக்கே?"

கமிட்டி சிரிச்சுது. முத்து அடிச்சிருந்தான்தான். நெத்தி ஓரத்துலயும் கொஞ்சம் ஒட்டியிருந்துச்சு. கடைசியில, கை இறங்குறதுக்காக இல்ல, மாஸ்டர் வந்தா பேப்பர்ல வருமேன்னு கூப்பிட ஒத்துக்கிட்டாங்க.

தூத்துக்குடி ஏர்போர்ட்டுக்கு கார் எடுத்துட்டுப் போனது முத்து. மாஸ்டர் பின் சீட்டுல, வலது கைய கோட்டு ஜேப்புல விட்டுக்கிட்டு உக்காந்தார். முப்பத்திமூணு வருஷமா யாரோடயும் பேசாம வச்சிருந்ததால அவர் தமிழ் போன அன்னைக்கு இருந்தபடியே இருந்துச்சு.

"ஊர்க்காரனால நீ?"

"ஆமா மாஸ்டர். துருத்தி அமுக்குன சுவிசேஷமுத்து."

மாஸ்டர் கார் கண்ணாடியில அவன் முகத்தப் பாத்தார். "காது இல்லாதவன்."

"அவனேதான்."

"இன்னும் நிக்காவளால?"

"நாப்பது பேரும் நிக்காவ மாஸ்டர். ஒருத்தரும் விடல."

"கண்ணாடி வச்சுப் பாத்தியா?"

"தெனமும் பாக்கேன். பனி படியல."

மாஸ்டர் உப்பளத்தப் பாத்துக்கிட்டே கொஞ்ச தூரம் வந்தார். "பெர்லின்ல அரை நிமிசம் கூடுதலா பிடிச்சு வச்சா வாசிக்கிறவனுவ சங்கத்துல மனு குடுத்துருவானுவ"ன்னார்.

"எம் பொண்டாட்டி ரெண்டாவது வரிசையில நிக்கா. ஒரே ஒரு தடவ கைய இறக்கிட்டுப் போங்க மாஸ்டர். வேற ஒண்ணும் கேக்கல."

"அதுக்குத்தானல வாரேன். முடிக்காம விட்ட வேல எனக்கு இது ஒண்ணுதான். உறுத்திக்கிட்டே கெடக்கு."

அவர் அத மனசாரச் சொன்னார்ங்கிறது முத்துவுக்குத் தெரிஞ்சுது. ரோட்டப் பாத்து ஓட்டினான், கண்ணு மங்கி ரெண்டு தடவ வண்டிய ஓரங்கட்டினான்.

கோயில்ல சால்வை, மாலை, ஜோயலோட வரவேற்புரை, ஐயரோட பிரசங்கம் எல்லாம் முடியற வரைக்கும் முத்து கொயர் மேடையில, வலை எல்லாத்தையும் அவுத்து மடிச்சு வச்சிட்டு, எமரால்டு பக்கத்துலயே நின்னான். ஆர்கன் பின்னால அவனுக்கு இப்ப வேலையில்ல. பாட்டு மூணு நிமிசம். அது முடிஞ்சதும் அவ திரும்பிப் பாப்பா, கண்ணுல மொதல்ல யாரு படணும்னு அவன் முப்பத்திமூணு வருஷம் யோசிச்சு வச்சிருந்தான். கையில ஒரு சொம்புத் தண்ணி வச்சிருந்தான், தொண்ட காஞ்சிருக்கும்னு.

மாஸ்டர் வந்தார். தங்கதுரை காலர நிமித்திவிட்டார். லீலா தோள்ல இருந்த ஒரு செம்மண்ணுத் துளிய ஊதிவிட்டார். அப்புறம் அன்னைக்கு நின்ன அதே கல்லுல போய் நின்னு, ஜேப்புலேருந்து கைய எடுத்து, விட்ட இடத்துக்கே கொண்டு போய், இறக்கினார்.

"ஆண்டவரே"ன்னு நாப்பது பேரு எடுத்த எடுப்புல மாடத்துப் புறா அத்தனையும் கெளம்பி ஜன்னல் வழியா வெளிய போச்சு. முப்பத்திமூணு வருஷமா தேங்கின மூச்சு பாட்டா மாறி வந்து சபை மூஞ்சியில அடிச்சுது, வேண்டாம்னு சொன்ன ஜோயல் வாயப் பொத்திக்கிட்டு அழுதான், ரூபி பெஞ்சுக்கு அடியில குனிஞ்சுக்கிட்டா. முத்து அவ தொண்ட அசையறதப் பாத்தான். கழுத்து நரம்பு எந்திரிச்சு அடங்கறதப் பாத்தான். ஒரு வரி முடிஞ்சு அவ மறுபடி மூச்சிழுத்தப்ப அந்த விசில், பக்கத்துல, டிவி இல்லாம, அவன் தோளுக்குப் பக்கத்துலயே கேட்டுச்சு.

ரெண்டாவது வரி பாதியில மாஸ்டர் விரல சொடக்கினார். கொயர் நின்னுது.

"ஆல்ட்டோ"ன்னார். "நாலாவது ஆள். பல்லு வழியா காத்து போகுது. ஏழு வருசமா சொல்லுதேன்."

எமரால்டு தலையக் குனிஞ்சா. குனிஞ்ச வாக்குல, சொம்போட பக்கத்துல நிக்கிற ஆளக் கண்டா. மை அடிச்ச தலைய, பல்லு விழுந்த வாயப் பாத்தா. குரலத் தாழ்த்திப் பேசினா.

"பெரியவரே, செத்தத் தள்ளி நில்லுங்க. மாஸ்டர் அடிப்பாவ."

முத்து தள்ளி நின்னான். ஓரடி. பேரச் சொல்லலாம்னு வாயெடுத்தான், அவ அதுக்குள்ள கண்ண முன்னால திருப்பிட்டா.

அந்த இடைவெளியிலதான் மாஸ்டருக்கு அது கேட்டுச்சு. ஃபேன் சத்தம். வெளிய அசனக் கொட்டகையில ஒருத்தன் கரண்டியக் கீழ போட்ட சத்தம். சபையில இருமல், குழந்த சிணுங்கல், ஒரு காக்கா. அவர் காது அப்பேர்ப்பட்ட காது. தலையச் சாய்ச்சு இன்னும் கொஞ்சம் கேட்டார். முப்பத்திமூணு வருஷமா எந்த ஊர் மேடையில ஏறினாலும் அவர் முதுகுக்குப் பின்னால வந்து நின்ன அந்த அமைதி அங்க இல்ல. காலி வீடுதான் இருந்துச்சு. நாப்பது பேரையும் ஒவ்வொருத்தராப் பாத்தார், எங்க போச்சுன்னு தெரிஞ்சவர் மாதிரி, அப்புறம் செவுத்துக் கடிகாரத்தப் பாத்தார். வியாழக்கிழம டோக்கியோ.

"மொதல்லேருந்து"ன்னு கைய தூக்கினார்.

முத்து அந்தக் கைய அதுவரைக்கும் முன்னாலேருந்து பாத்ததே இல்ல. அப்பவெல்லாம் துருத்திக்குப் பின்னால செவுத்தப் பாத்து நின்னவன். போட்டோவுல கை சின்னது, டிவியில கை தட்டையானது. இது மணிக்கட்டு கொஞ்சம் வளைஞ்சு, விரல் அஞ்சும் எதையோ பிடிச்சிருக்கிற மாதிரி மேல போச்சு, அது போற போக்குல நாப்பது நெஞ்சு விரிஞ்சுது, ஓரத்துல விசில் கேட்டுச்சு, அவ மூச்சிழுக்கிறதக் கேட்டா அவனும் கூடவே இழுக்கிறது துருத்திக் காலத்துப் பழக்கம், இழுத்தான்.

மாஸ்டர் கைய மடக்கினார். ஜேப்புல வச்சார். நடுப்பாதை வழியா நடந்து காருக்குப் போனார். ஓட்ட ஆளில்லாம அஞ்சு நிமிசம் நின்னார், அப்புறம் ஜோயல் கண்ணத் துடைச்சுக்கிட்டுப் போய் வண்டிய எடுத்தான்.

சொம்புத் தண்ணி ஒரு சொட்டு சிந்தல. முத்து கண்ணு மாஸ்டர் கை இருந்த இடத்துல, அவளோட கண்ணு நிக்கிற அதே இடத்துல நிலைச்சிருக்கு, ரெண்டு பேருக்கும் நடுவுல அவன் தள்ளி நின்ன அந்த ஓரடி இருக்கு. திரும்பி அவளப் பாக்கணும்னு நெனச்சிருக்கான், நெனப்பு கழுத்துக்கு வந்து சேரல.

ஐயர் எந்திரிச்சு, ஆராதனை இன்னும் முடியல, இடைவேளைதான்னு அறிவிச்சார். அசனம் நல்லபடியா நடந்துச்சு, கறி இந்தத் தடவ நல்லா வெந்திருந்துச்சு, நாப்பத்தோரு எலை தனியா எடுத்து வச்சாங்க. டோக்கியோ பத்திரிகைக்காரர் ஒருத்தர், மாஸ்ட்ரோவோட அமைதி முன்ன விட ஆழமாயிருக்கு, அடியில வயசான மனுசன் ஒருத்தர் இருக்கிற மாதிரி இருக்குன்னு எழுதினார். பலகையில நாப்பதுங்கிறத அழிச்சு நாப்பத்தொண்ணாக்கினாங்க. காது இல்லாதவன மாஸ்டர் கொயர்ல சேத்துக்கிட்டார்னு ஊர்ல சந்தோசமாத்தான் பேசிக்கிட்டாங்க.

மடிச்சு வச்சிருந்த வலைய எல்லாம் எடுத்து மாதர் சங்கத்துக்காரங்க திரும்பக் கட்டிவிட்டாங்க. நாப்பது வலைதான் இருந்துச்சு. புதுசா ஒண்ணு தைக்கணும்னு எல்லாருக்கும் ஞாபகம் இருந்துச்சு, வலை தைக்கிறது முத்து வேல. ஆடி மாசக் காத்துல செம்மண்ணு ஏறி வந்து அவன் வெள்ளச் சட்டைய செங்கல் நிறமாக்கின சமயத்துல, ஜன்னல் வழியா ஒரு குளவி வந்து, வரிசையா ஒவ்வொரு வாயாப் போய்ப் பாத்து, வலை இல்லாத வாய்க்கு வந்து, உதட்டுல உக்காந்து, அளவு சரியா இருக்கான்னு உள்ள நடந்து பாத்துட்டு, மண்ணு எடுத்துட்டு வரப் போச்சு.